வள்ளல்களும் விளையாட்டு வீரர்களும்



நாட்டுக்கு நெருக்கடி வரும்போது பெருஞ்செல்வம் ஈட்டிய விளையாட்டு வீரர்கள் இன்னும் அதிகமாகக் கொடுக்க வேண்டாமா? தேநீர்க்கடையிலும் எழும் கேள்வி இது. அமைச்சர்களும் எழுப்பும் கேள்வி. 2020 ஏப்ரலில், கொவிட் நோய் பரவியவேளை, இங்கிலாந்தின் சுகாதார அமைச்சராயிருந்த மற் ஹன்கொக், முதற்தர உதைபந்தாட்ட வீரர்கள் தம் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றார். அங்குள்ள முன்னணி வீரர் ஒருவரின் ஒரு வாரச் சம்பளம், நம்மூர் ஆசிரியர் ஒருவர் சேவைக்காலம் முழுவதும் பெறுவதை விஞ்சக்கூடியது. அப்படியானால் கேட்டதில் என்ன பிழை?

வீரர்களின் சங்கம் சொன்ன மறுமொழி சிந்திக்கத்தக்கது. சம்பளத்தைக் குறைத்தால் அப்பணம் கழக உரிமையாளரிடமே நிற்கும். அரசுக்குச் சேரவேண்டிய வரியிலோ 20 கோடி பவுணுக்கு மேல் குறையும் என்றது அது. சில நாட்களில், லிவர்பூல் அணித்தலைவர் ஜோர்டன் ஹென்டர்சன் முதலானோர் முன்னின்று, வீரர்கள் தமக்குள்ளே நிதி திரட்டிச் சுகாதார சேவைக்கான தர்ம நிதியங்களுக்கு வழங்க வழிசெய்தனர். சம்பளத்தை விட்டுக்கொடுப்பது வேறு. இல்லாதவருக்குக் கொடுப்பது வேறு என்பதை அவர்கள் புரிந்திருந்தார்கள்.

நம் மரபு இன்னும் நுட்பமாகப் பிரித்துப் பார்த்திருக்கிறது. திருக்குறளில் ஒப்புரவறிதல் 22ஆவது அதிகாரம், ஈகை 23ஆவது. ஒப்புரவு என்பது ஊரோடு சேர்ந்து வாழ்பவன் ஊருக்குச் செய்யும் கடமை. ஈகை, வறியவருக்கு மனமுவந்து கொடுப்பது. இஸ்லாத்திலும் ஸகாத் கடமை. ஸதகா விருப்பக் கொடை. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்டு ஓராண்டு கையிலிருக்கும் பணத்தில் நாற்பதில் ஒரு பங்கு ஸகாத் ஆகும். ஸதகாவுக்கு அளவில்லை.

இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டால் நம் கேள்வி தெளிவாகும். கடமையான பங்கை வீரரிடம் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் அதைச் செல்வர் எல்லோரிடமும் கேட்க வேண்டும். தொலைக்காட்சியில் முகம் தெரிகிறது என்பதற்காக வீரரைச் சுட்டிவிட்டு, முகம் தெரியாத முதலாளிகளை விட்டுவிடுவது நீதியன்று. கடமைக்கு மேற்பட்டதோ அவரவர் மனத்தைப் பொறுத்தது. அதைக் கேட்டு நிற்கலாம். அதட்டிப் பெற முடியாது.

நேயர்களே, கொடையின் அருமையை நமது கரைக்கு வெளியூரார் கற்பிக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 கடல் பொங்கியபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் பட்ட துயரை நாம் அறிவோம். அதே நாளில் முத்தையா முரளிதரன் தென்கரையிலுள்ள சீனிகமவுக்குப் போய்க்கொண்டிருந்தார்; சற்றுத் தாமதித்ததால் உயிர் தப்பினார். தம் முகாமையாளர் குஷில் குணசேகரவுடன் அக்கிராமத்தில் அவர் தொடங்கியிருந்த அறப்பணி, அலைக்குப் பின்னர் வீடு, வைத்தியம், கல்வி எனப் பன்மடங்கு வளர்ந்தது. 2005 ஜனவரி 10 மெல்பேர்ணில் உலக அணியும் ஆசிய அணியும் ஆடிய போட்டியினால் 1 கோடி 40 இலட்சம் அவுஸ்திரேலிய டொலருக்கு மேல் நிதி சேர்ந்தது.

ஒரு போட்டியால் கோடிகள் திரண்டது பெரிது. எனினும் அலைக்கு முன்னும் பின்னும் ஒரு கிராமத்தோடு நின்றது அதனிலும் பெரிது என்பது என் கருத்து. பணம் வந்ததும் துயர் தீர்ந்துவிடுவதில்லை என்பதற்கு நம்மிடமே சான்றுண்டு. சவூதி அரேபியாவின் உதவியில் நுரைச்சோலையில் எழுந்த 500 வீடுகள், யாருக்கு எப்படிப் பகிர்வதென்ற வழக்கினால், பல ஆண்டுகள் ஆளின்றிப் பற்றை மூடிக் கிடந்தன. கொடுத்தவரின் கை நீண்டது. பெற வேண்டியவரின் கை எட்டவில்லை.

ஆகவே பணத்துக்கு அப்பாலும் வீரரிடம் கேட்கத்தக்க ஒன்று உண்டு. அது அவருடைய குரல். புறநானூற்றின் 35ஆம் பாட்டைப் பாடிய வெள்ளைக்குடி நாகனார், சோழன் கிள்ளிவளவனிடம் பொன்னையும் யானையையும் கேட்கவில்லை. உழுகுடிகளைக் காப்பதே அரசனின் வலிமை என்று எடுத்துரைத்து, பழைய நிலக்கடனை நீக்கச் செய்தார் என்கிறது பாட்டின் அடிக்குறிப்பு.

2020 ஜூனில் மன்செஸ்டர் யுனைட்டட் வீரர் மார்கஸ் ராஷ்போர்ட் செய்ததும் இத்தகையதே. சிறுவயதில் பாடசாலை இலவச உணவை உண்டு வளர்ந்தவர் அவர். விடுமுறைக் காலத்திலும் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவு வேண்டுமெனப் பாராளுமன்ற உறுப்பினருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். மறுநாளே அரசு தன் முடிவை மாற்றிற்று. ஏறத்தாழ 13 இலட்சம் பிள்ளைகளுக்கு அந்தக் கோடையில் உணவுக்கான உதவி கிடைக்க வழி பிறந்தது. தம் சட்டைப்பையிலிருந்து மட்டும் கொடுத்திருந்தால் இத்தனை வயிறுகளை அவரால் நிறைத்திருக்க முடியுமா?

வள்ளலின் இடத்தில் நிற்கும் வீரரை நாம் போற்றுகிறோம். புலவரின் இடத்தில் நின்று ஆள்வோரிடம் நியாயம் கேட்கும் வீரரை இன்னும் அதிகமாகப் போற்ற வேண்டும். 2022இல் எரிபொருளுக்கும் மருந்துக்கும் நாம் வரிசையில் நின்ற நாட்களை எண்ணிப் பாருங்கள். அடுத்த நெருக்கடியில் நம் வீரர்களிடம் கேட்கும்போது, "எவ்வளவு தந்தீர்கள்?" என்பதோடு, "யாருக்காகப் பேசினீர்கள்?" என்றும் கேட்போம். செல்வமுள்ள மற்றையோரிடமும் அவ்விரு கேள்விகளையும் கேட்போம்.