ஞால அறிவும் தாய்மொழியும்

(உயர்நிலைப் பள்ளி ஆசிரியர், பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



‘தமிழில் படித்தால் உலகம் தெரியாது’ என்று சொல்லிச் சொல்லியே நம் பிள்ளைகளை ஆங்கில வழிப் பள்ளிகளில் கொண்டுபோய்த் தள்ளுகின்றனர். அங்குப் பயின்ற பிள்ளை தலைநகர்ப் பெயர்களை மளமளவென ஒப்பிப்பான். ஆனால், பெயர்ப்பட்டியல் ஞால அறிவாகுமா? பிறிதொரு மக்களின் நோவைத் தன் நோவாக உணர்தலன்றோ ஞால அறிவு! அவ்வுணர்வு தாய்மொழி வழியாகவே நெஞ்சில் இறங்கும்.

ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்க்கு மூன்று நாடுகளின் கதையைத் தமிழில் சொல்லுங்கள்.

முதலாவது, வங்காளம். உருது ஒன்றே ஆட்சிமொழி என்று பாகிசுத்தான் அரசு அறைந்தபோது, 1952 பிப்பிரவரி 21-இல் டாக்காவில் மாணவர் கிளர்ந்தெழுந்தனர். காவலர் சுட்டதில் மாணவரும் பிறரும் மாண்டனர். 1956-இல் வங்கமொழியும் ஆட்சிமொழியாயிற்று. அந்நாளையே 1999-இல் யுனெசுகோ உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது.

இரண்டாவது, தென்னாப்பிரிக்கா. கணக்கு முதலிய பாடங்களை ஆப்பிரிக்கான மொழியிலேயே கற்பிக்குமாறு வெள்ளையர் அரசு 1974-இல் ஆணையிட்டது. 1976 சூன் 16-இல் சொவேட்டோ பள்ளி மாணவர் அணிவகுத்தனர். துமுக்கிக்கு இரையானவருள் ஒருவன் 12 அகவைச் சிறுவன் எக்டர் பீட்டர்சன். ஒன்றை மறைக்காமல் சொல்லுங்கள்: அம்மாணவர் அன்று முதன்மையாய்க் கேட்டது தாய்மொழிக் கல்வியன்று, அடக்குவோன் மொழியைத் தம்மேல் திணிக்காதே என்பதே. உண்மையை நமக்கேற்ப வளைத்தல் கல்வியாகாது.

மூன்றாவது, ஐசுலாந்து. அங்கு வாழ்வோர் ஏறத்தாழ நான்கு இலக்கம் பேரே. தொலைபேசி வந்தபோது, நூலைக் குறித்த பழஞ்சொல் ஒன்றை மீட்டு அதற்குப் பெயராக்கினர். கணிப்பொறி வந்தபோது, ‘எண்’ என்னும் சொல்லையும் ‘குறிசொல்லும் பெண்’ என்னும் சொல்லையும் இணைத்துப் புதுச்சொல் படைத்தனர். எட்டுக் கோடித் தமிழர் நாம் ஏன் கடன்சொல்லுக்குக் கையேந்த வேண்டும்?

இம்மூன்றையும் சொன்னபின், 1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்த தமிழ்நாட்டு மாணவர் கதையைச் சொல்லுங்கள். நம்மவரிடத்தும் ஒரு குறையுண்டு. நம் போராட்டத்தை மட்டுமே சொல்லிப் பிள்ளையிடம் சினத்தை வளர்க்கிறோம். பிறர் போராட்டத்தையும் சொல்லியிருந்தால் அறம் வளர்ந்திருக்கும். வங்காளத்து மாணவனுக்காகக் கண்கலங்கும் தமிழ்ப் பிள்ளை, தன் மொழியைக் காப்பான். பிறர் மொழியை ஒருநாளும் மிதியான்.

ஆசிரியர்களே! நாளையே வகுப்பில் நிலப்படத்தை விரியுங்கள். டாக்கா எங்கே, சொவேட்டோ எங்கே என்று மாணவர் விரலால் தொட்டுக் காட்டட்டும். அங்கு நடந்ததை அவர்களே தம் சொந்தச் சொற்களில், நல்ல தமிழில் எழுதட்டும். உலகம் தமிழுக்குள் வரும். தமிழன் உலகிற்குள் தலைநிமிர்ந்து செல்வான்.

வெல்க தமிழ்!