தெகிவளையா, வத்தளையா?

வீட்டைக் கட்டிப்பார் என்றனர் முன்னோர். வாங்கிப் பார்ப்பதும் அதற்குக் குறைந்த சோதனையன்று. கொழும்பிலே தொழில் செய்து, பல்லாண்டுகள் வாடகை வீட்டில் வாழ்ந்து, சேமித்த பணத்தோடு வங்கிக் கடனையும் சேர்த்துச் சொந்தக் கூரை தேடும் தமிழ்க் குடும்பங்கள் பல, இரண்டு பெயர்களுக்கிடையே நின்று தயங்குகின்றன. தெற்கே தெகிவளை, வடக்கே வத்தளை.

இரண்டும் கோட்டையிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தூரத்தில் உள்ளவை. ஒன்றை ஊடறுத்துக் காலி வீதியும் மற்றதை ஊடறுத்து நீர்கொழும்பு வீதியும் செல்கின்றன. இரண்டிலும் தமிழ் பேசுவோர் கணிசமாக வாழ்கின்றனர். ஆதலால், எங்கே சில இலட்சம் ரூபா குறைகிறதோ அங்கே மனம் சாய்ந்துவிடுகிறது. ஆனால், வீட்டின் விலை ஒருமுறை கொடுப்பது. பயணத்தின் விலையோ நாடோறும் கொடுப்பது.

இந்த இரண்டாவது விலையைக் கணக்கிடுதல் கடினமன்று. போகையில் அரை மணியும் வருகையில் அரை மணியும் மிகுதியாகச் செலவாகுமாயின், 240 வேலை நாட்கள் கொண்ட ஓராண்டில் 240 மணித்தியாலங்கள் கழிகின்றன. அதாவது, இரவும் பகலுமாக முழுப் பத்து நாட்கள். பிள்ளையின் பாடத்தைப் பார்க்கும் நேரமும் முதியோரோடு உரையாடும் நேரமும் இந்தப் பத்து நாட்களுக்குள்ளேதான் அடங்கியிருக்கின்றன.

தெகிவளைக்குக் கரையோரப் புகைவண்டி உண்டு. காலி வீதியில் வாகனங்கள் நெருங்கி நின்றாலும் அது தன் வழியே செல்லும். வத்தளை நகரின் நடுவே இருப்புப்பாதை இல்லை. புகைவண்டியை நாடுவோர் கிழக்கே ஹுணுப்பிட்டிக்குச் செல்லவேண்டும். வீதிவழி வருவோர் களனி கங்கையைக் கடந்தாகவேண்டும். 2021 நவம்பரில் அங்கே புதிய பாலம் திறக்கப்பட்டது. எனினும், வடக்கிலிருந்து வரும் வாகனங்கள் யாவும் ஒருசில பாலங்களிலேயே ஒடுங்கவேண்டியுள்ளன.

இதைக்கொண்டு தெகிவளையே சிறந்தது என முடிவு கட்டுதல் தவறு. குடும்பத் தலைவரோ தலைவியோ பேலியகொடைச் சந்தையில் வணிகம் செய்பவராயின், அல்லது கட்டுநாயக்க வர்த்தக வலயத்தில் பணிபுரிபவராயின், கணக்கு முற்றிலும் மாறிவிடும். அவர்களுக்கு வத்தளையே அண்மை.

அடுத்தது பிள்ளைகளின் கல்வி. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, இரத்மலானை ஆகிய இடங்களின் தமிழ்ப் பாடசாலைகள் தெகிவளைக்கு அருகே உள்ளன. கொட்டாஞ்சேனைப் பாடசாலைகள் வத்தளையிலிருந்து எட்டக்கூடியவை. அரசாங்கப் பாடசாலையின் முதலாந் தரத்துக்கு விண்ணப்பிக்கையில், வதிவிடத்தின் அண்மையும் அங்கே வாழ்ந்த காலமும் புள்ளிகளாகக் கணிக்கப்படுகின்றன. ஆகவே, நான்கு வயதுப் பிள்ளையோடு வீடு மாறுபவர் காலந் தாழ்த்தியவரே ஆவார்.

மூன்றாவது, மண்ணும் நீரும். தெகிவளையிலே கடலுக்கு அண்மையிலுள்ள வீட்டில் உப்புக் காற்று இரும்பை அரிக்கும். வத்தளைப் பக்கத்திலோ களனி கங்கையும், ஹமில்டன் கால்வாயும், முத்துராஜவெலச் சதுப்பு நிலமும் சூழ்ந்துள்ளன. 2016 மே மாதத்திலும் 2025 நவம்பர் இறுதியிலும் களனி பெருகியபோது கரையோரத் தாழ்நிலங்கள் நீரில் ஆழ்ந்தன. ஒரே ஊரில் ஓர் ஒழுங்கை மேடாகவும் அடுத்த ஒழுங்கை பள்ளமாகவும் இருத்தல் கூடும். வெள்ளம் எதுவரை வந்தது என்பதைத் தரகரிடம் கேட்பதிலும் அயல் வீட்டாரிடம் கேட்பதே நன்று. உறுதியின் முப்பதாண்டுப் பூர்வீகத்தைச் சட்டத்தரணி ஆராய்வார். தண்ணீரின் பூர்வீகத்தை வாங்குபவரே ஆராயவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் எந்த ஊரும் இனிதாகவே தோன்றும். அந்நேரத்தில் பார்த்துவிட்டு முற்பணம் கொடுப்பவர் பலர். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவ்வீட்டு வாயிலிலிருந்து புறப்பட்டு அலுவலகம்வரை ஒருமுறை சென்று பார்க்கட்டும். மழை பெய்யும் மாலை ஒன்றில் திரும்பி வந்து பார்க்கட்டும். பிள்ளையின் பாடசாலைக்கும் அவ்வாறே போய் வரட்டும். அதன்பின்னர் கையொப்பமிடுபவர், தெகிவளையைத் தெரிந்தாலும் வத்தளையைத் தெரிந்தாலும், எதை வாங்குகிறோம் என்பதை அறிந்தே வாங்குகிறார்.