வைவா அறையில் யார் சாட்சி?

(ஸ்ரீபெரும்புதூரில் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த மருத்துவ மாணவர்களும் பெற்றோரும் கலந்துகொண்ட ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்தவர்கள் "டாக்டர், பிள்ளைகளுக்கு ஊக்கம் கொடுக்கிற மாதிரி நாலு வார்த்தை பேசுங்கள்" என்றார்கள். ஊக்கம் நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து, 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் மருத்துவக் கல்லூரிக்குள் போன பிள்ளைகள் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நான் என்ன ஊக்கம் கொடுப்பது? அதனால் வேறொன்றைப் பேசலாம் என்று வந்தேன். மதிப்பெண். அதிலும் குறிப்பாக, போட வேண்டிய மதிப்பெண்ணைப் போடாமல் விட்டால் என்ன செய்வது.

முதலில் என் கதை. எங்கள் ஊர் ஒரகடத்துக்குப் பக்கம். நிலம் சிப்காட்டுக்குப் போனது. அப்பா ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் லோடிங் வேலை பார்த்தார். நான் இரண்டாம் ஆண்டு நோய்க்குறியியல் செய்முறைத் தேர்வுக்குப் போனேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். வைவா மேசையில் உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "எந்த ஊர்?" சொன்னேன். இரண்டாவது கேள்வி, "ஊரா, காலனியா?" மூன்றாவது, "அப்பா என்ன செய்கிறார்?" நான்காவது கேள்விதான் பாடத்தில் வந்தது. அதற்குப் பதில் சொல்லத் தொடங்கும்போதே "போதும், அடுத்த ஆளை வரச் சொல்" என்றார்கள். எனக்கு முன்னால் போன மாணவன் கால் மணி நேரம் உள்ளே இருந்தான். வெளியே வரும்போது சிரித்துக்கொண்டே வந்தான். நான் உள்ளே இருந்தது மூன்று நிமிடம் இருக்கும்.

எழுத்துத் தேர்வில் தேறியிருந்தேன். செய்முறையில் இரண்டு மதிப்பெண்ணில் போனது. மருத்துவப் படிப்பில் எழுத்தில் தனியாகவும் செய்முறையில் தனியாகவும் தேற வேண்டும். ஒன்றில் போனாலும் பாடமே போச்சு. சீனியர் ஒருவர் அன்போடுதான் சொன்னார், "துறைத் தலைவரைப் போய்ப் பார், காலில் விழு, அடுத்த முறை பார்த்துக்கொள்வார்." அப்பாவுக்கு யாரோ தகவல் சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, ஒரு பை கொய்யாப் பழத்தோடு கல்லூரிக்கு வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, துறை வாசலில் இரண்டு மணி நேரம் நின்றார். உள்ளே விடவில்லை. அந்தப் பழத்தை நாங்கள் இருவரும் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து தின்றோம்.

நான் மனு கொடுக்கவில்லை. ஆறு மாதம் கழித்துத் திரும்ப எழுதித் தேறினேன். அதைப் பொறுமை என்று அப்போது நினைத்தேன். பயம் என்பதுதான் சரியான பெயர்.

1950இல் செண்பகம் துரைராஜன் என்பவர், வகுப்புவாரி உத்தரவால் தனக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காது என்று வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. அவர் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது அந்த வழக்கிலேயே வெளிவந்த செய்தி. அதற்குப் பிறகு பெரியார் தெருவில் இறங்கியதும், அரசமைப்புச் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்ததும் உங்களுக்குத் தெரிந்த வரலாறு. விண்ணப்பமே போடாதவர் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். தேர்வு எழுதி மதிப்பெண்ணைப் பறிகொடுத்த நம் பிள்ளை ஒரு வெள்ளைத் தாளில் மனு எழுதத் தயங்குகிறான். நானும் தயங்கினேன்.

ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். நுழைவாயிலில் நமக்காகப் போராட இயக்கம் இருந்தது, கட்சிகள் இருந்தன, சட்டம் இருந்தது. இட ஒதுக்கீடு கண்ணுக்குத் தெரிகிற பட்டியல். இத்தனை இடம், இத்தனை பேர் என்று யாரும் எண்ணிப் பார்க்கலாம். கதவைத் தாண்டி உள்ளே போன பிறகு நடக்கிற தேர்வு அறையில் எண்ணுவதற்கு யாருமில்லை. எழுத்துத் தாளில் பெயர் தெரியாது, எண்தான் இருக்கும். வைவாவில் முகம் தெரியும், பெயர் தெரியும், பேச்சு தெரியும், எந்த ஒதுக்கீட்டில் வந்தாய் என்று கேட்டால் அதுவும் தெரியும். சாதி தன்னை ஒளித்துக்கொள்ள அதைவிட வசதியான அறை கிடைக்காது.

இது என் ஒருவனின் மனக்குறை இல்லை. டெல்லி எய்ம்ஸில் நடக்கும் பாகுபாட்டை விசாரிக்க 2006இல் ஒன்றிய அரசு சுகதேவ் தோரட் தலைமையில் குழு அமைத்தது. அவர் அப்போது பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவர். 2007இல் அறிக்கை வந்தது. குழு பேசிய பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களில் 84 விழுக்காட்டினர் செய்முறையிலும் வைவாவிலும் மதிப்பீடு நியாயமாக இல்லை என்றார்கள். மற்ற மாணவர்களுக்குக் கொடுக்கிற நேரத்தைத் தேர்வாளர்கள் தங்களுக்குக் கொடுப்பதில்லை என்று 85 விழுக்காட்டினர் சொன்னார்கள். அதைப் படித்தபோது என் மூன்று நிமிடம் நினைவுக்கு வந்தது. எய்ம்ஸ் நிர்வாகம் அந்த அறிக்கையை ஏற்கவில்லை.

சண்டிகர் அரசு மருத்துவக் கல்லூரியில் ஜஸ்பிரீத் சிங் என்ற தலித் மாணவர். இறுதியாண்டு. ஒரு பாடத்தில் தோல்வி என்று அறிவித்தார்கள். 2008 ஜனவரியில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். வெளியிலிருந்து வந்த பேராசிரியர்கள் பிறகு அதே தாளைத் திருத்தினார்கள். அவர் தேர்ச்சி பெற்றிருந்தார். இதைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. இங்கே இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன்: மனம் அப்படி இருண்டு வருகிற இரவில் அறையில் தனியாக இருக்காதீர்கள். நண்பனை எழுப்புங்கள், வீட்டுக்கு அடியுங்கள், என்னைக் கூப்பிடுங்கள். மணி எத்தனை என்று பார்க்க வேண்டாம்.

இன்னொரு கல்லூரியின் கதை வேறு மாதிரி. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையோடு இணைந்த வர்த்தமான் மகாவீர் மருத்துவக் கல்லூரி. அங்கே உடலியங்கியல் பாடத்தில் ஒதுக்கீட்டு மாணவர்கள் திரும்பத் திரும்பத் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் தனித்தனியாக அழவில்லை. சேர்ந்து உட்கார்ந்து கணக்கெடுத்தார்கள், நீதிமன்றத்துக்குப் போனார்கள், தேசிய பட்டியல் சாதியினர் ஆணையத்துக்குப் போனார்கள். ஆணையம் பாலச்சந்திர முங்கேகரை விசாரிக்கச் சொன்னது. 2012இல் அவர் அறிக்கை கொடுத்தார். சாதிப் பாகுபாடு நடந்திருக்கிறது என்று அவர் முடிவு செய்தார். அதில் ஒரு கணக்கு இருக்கிறது. 2004 முதல் 2009 வரை அந்தப் பாடத்தில் தோற்றவர்கள் 25 பேர். அதில் 24 பேர் ஒதுக்கீட்டில் வந்தவர்கள்.

தோழர்களே, அந்த 24 பேரில் ஒருவர் மட்டும் போய் "சார், எனக்கு அநியாயம் நடந்துவிட்டது" என்று சொல்லியிருந்தால், "நீ சரியாகப் படிக்கவில்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார்கள். 25க்கு 24 என்று எழுதி மேசையில் வைத்தால் அதற்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். வைவாவில் நான் என்ன சொன்னேன், அவர் என்ன கேட்டார் என்பதற்குச் சாட்சி கிடையாது. பல ஆண்டுக் கணக்குதான் சாட்சி.

நீதிமன்றம் இருக்கிறதே என்று சிலர் கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் தேர்வாளர் போட்ட மதிப்பெண்ணில் நீதிமன்றம் எளிதில் கை வைக்காது. விதியில் மறுமதிப்பீடு இல்லையென்றால் அதை உரிமையாகக் கேட்க முடியாது என்று 1984இலிருந்தே உச்ச நீதிமன்றம் சொல்லிவருகிறது. அதே உச்ச நீதிமன்றம் 2011இல் இன்னொரு கதவைத் திறந்தது. திருத்திய விடைத்தாள் என்பது தகவல், எழுதியவர் அதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பார்க்கலாம், நகல் வாங்கலாம் என்று ஆதித்யா பந்தோபாத்யாய் வழக்கில் தீர்ப்பு. திருத்தியவரின் பெயர் மட்டும் கிடைக்காது. பெயர் நமக்கு எதற்கு, தாள் போதும்.

ஆனால் தாளை வாங்கிப் பார்க்கும்போது நேர்மையாகப் பார்க்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் ஒரு இன்டர்னல் தேர்வில் நான் தோற்றேன். அது நியாயமான தோல்வி. படிக்கவில்லை, கிரிக்கெட் பார்த்தேன். எல்லாத் தோல்விக்கும் சாதியைக் காரணமாக்கினால், உண்மையிலேயே சாதியால் தோற்கடிக்கப்பட்ட பிள்ளையின் மனுவையும் சேர்த்து நாம் கெடுக்கிறோம். முதலில் தாளைப் பாருங்கள். நல்லெண்ணம் உள்ள ஒரு ஆசிரியரிடம் காட்டுங்கள். அப்படிப்பட்டவர்கள் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறார்கள், எல்லாச் சாதியிலும் இருக்கிறார்கள். எனக்கும் ஒருவர் கிடைத்தார். மறுதேர்வுக்கு முன்பு மாலை நேரத்தில் உட்கார வைத்து ஸ்லைடு ஸ்லைடாகக் காட்டிச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

இப்போது பெற்றோர்களுக்கு. இந்த வட்டாரத்து ஆட்களுக்கு இதைப் புரியவைக்க நான் கஷ்டப்பட வேண்டியதில்லை. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை நீங்கள் செய்கிற ஒவ்வொரு வண்டிக்கும் எண் இருக்கிறது. நாளைக்கு ஏதோ ஒரு ஊரில் ஒரு போல்ட் கழன்றால், எந்த ஷிப்ட், எந்த ஸ்டேஷன், யார் முறுக்கியது, எவ்வளவு முறுக்கியது என்று பதிவைப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு போல்ட்டுக்கு இவ்வளவு பதிவு இருக்கிறது. ஒரு பிள்ளை டாக்டர் ஆவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிற வைவாவுக்கு என்ன பதிவு இருக்கிறது? ஒரு தாளில் ஒரு எண். என்ன கேள்வி கேட்டார்கள் என்று எங்கேயும் இல்லை. எத்தனை நிமிடம் என்று இல்லை.

முதலாண்டுத் தேர்வை நான்கு முயற்சிக்குள் முடிக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அநியாயமாகப் போட்ட ஒரு வைவா மதிப்பெண் அந்த நான்கில் ஒன்றைத் தின்றுவிடுகிறது.

அதனால் கேள்விகளைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு தேர்வாளரும் தனித்தனியாக மதிப்பெண் போட்டுக் கையெழுத்திடட்டும். அறையில் கேமரா வையுங்கள். ஊரையும் அப்பா வேலையையும் கேட்பதைத் தடை செய்யுங்கள். இன்டர்னல் மதிப்பெண்ணை அறிவிப்புப் பலகையில் போட வேண்டும் என்று மருத்துவக் கல்வி விதிமுறையிலேயே இருக்கிறது, அதையாவது ஒழுங்காகச் செய்யச் சொல்லுங்கள். இந்த ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசர், இரகசியமாகச் சொன்ன மந்திரத்தைக் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்னார் என்று கதை சொல்வார்கள். கோபுரம் வேண்டாம், நோட்டீஸ் போர்டு போதும் என்கிறேன்.

மாணவர்கள் செய்ய வேண்டியது தேர்வு முடிந்த பிறகு தொடங்குவதில்லை. சேர்ந்த நாளிலிருந்து தொடங்குகிறது. லாக் புத்தகத்தில் அன்றன்றைக்குக் கையெழுத்து வாங்குங்கள். இன்டர்னல் மதிப்பெண்ணைப் போட்டோ எடுத்து வையுங்கள். வைவா முடிந்து வெளியே வந்ததும், என்ன கேட்டார்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள், எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்று தேதி போட்டு எழுதுங்கள். நண்பர்களையும் எழுதச் சொல்லுங்கள், எந்தச் சாதி நண்பராக இருந்தாலும். ஆண்டு முழுவதும் நன்றாக மதிப்பெண் எடுத்தவன் பத்து நிமிட வைவாவில் மட்டும் தோற்றான் என்று காட்ட அந்த நோட்டுதான் உதவும். மனுவை எழுத்தில் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கல்லூரியில் சம வாய்ப்பு மையம் இருக்க வேண்டும் என்பது மானியக் குழுவின் 2012 விதி. அதை அமல்படுத்தச் சொல்லி 2019இல் உச்ச நீதிமன்றம் போனவர்கள் இரண்டு அம்மாக்கள். ரோஹித் வெமுலாவின் அம்மா, டாக்டர் பாயல் தட்வியின் அம்மா. நமக்கு மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையமும் 2021இலிருந்து இருக்கிறது.

"எதிர்த்தால் அடுத்த தேர்வில் பழிவாங்குவார்களே" என்று ஒரு தம்பி வரும்போதே கேட்டார். பொய் சொல்ல மாட்டேன், வாங்கலாம். அதனால்தான் ஒரு ஆளாகப் போகாதீர்கள் என்கிறேன். சுங்குவார்சத்திரத்தில் 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வெளியே உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டதில் முதன்மையானது சங்கத்தைப் பதிவு செய்துகொடு என்பது. 2025 ஜனவரியில் பதிவு கிடைத்தது. ஒரு காகிதத்துக்கு என்ன மதிப்பு என்பதை அந்தப் பந்தலில் உட்கார்ந்தவர்கள் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியும். அவர்களில் சிலர் இங்கேயே இருக்கிறார்கள்.

என் அப்பா இப்போது இல்லை. நான் மனு எழுதியிருந்தால் அன்றைக்கு மதிப்பெண் கிடைத்திருக்குமா என்று தெரியாது. அவர் செருப்பைக் கழற்றியிருக்க வேண்டியதில்லை, அது தெரியும்.

கடைசி வரிசையில் பழுப்புக் கவரோடு உட்கார்ந்திருக்கிற அக்கா, கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள். மகளையும் இருக்கச் சொல்லுங்கள். விடைத்தாள் நகல் கேட்டும் வைவா மதிப்பெண் பிரிப்பு கேட்டும் இன்றைக்கே எழுதிவிடலாம். பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் என் பையில் இருக்கிறது.