தேவை குறைந்தால் பிறர் தயவு குறையும்

(பூச்சிமருந்து மூலப்பொருளுக்கு வெளிநாட்டை நம்பியிருக்கும் நிலை மாற வேண்டுமானால் பெருக வேண்டியது ஆலையா? குறைய வேண்டியது தேவையா? ‘தேவை குறைய வேண்டும்’ என்ற அணியில் பேசியது)



எதிரணித் தம்பி மார்தட்டினார்: “பூச்சிமருந்தை ஏற்றுமதி செய்கிற நாடய்யா நம் நாடு!” உண்மைதான். ஆனால் அந்தப் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது? பூச்சியைக் கொல்லும் மூலமருந்துக்குக் கம்பெனிக்காரர்கள் வைத்த பேர் ‘டெக்னிக்கல்’. அதிலும், அதைச் செய்யத் தேவையான ரசாயனத்திலும் பெரும்பங்கு சீனாவிலிருந்து வருகிறது. பல மருந்துகளுக்கு நாம் செய்வது கலப்பது, அடைப்பது, லேபிள் ஒட்டுவது.

ஐயா, பக்கத்து வீட்டில் மாவு அரைத்து வருகிறது. நாம் வெங்காயத்தை நறுக்கிப் போட்டு, “எங்க வீட்டு வடை, சாப்பிட்டுப் பாருங்க” என்கிறோம். பக்கத்து வீட்டில் கரண்ட் போனால் நம் வீட்டில் வடை கிடையாது! (சிரிப்பு)

சிரிக்கிறீர்கள். நிஜமாகவே நடந்தது. 2021இல் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் மின்தட்டுப்பாடு. மஞ்சள் பாஸ்பரஸ் உற்பத்தியைக் குறைத்தார்கள். அதை வைத்துச் செய்கிற கிளைபோசேட் களைக்கொல்லியின் விலை உலகம் பூராவும் எகிறியது. கரண்ட் போனது அங்கே. கை சுட்டது வயக்காட்டுக்காரனுக்கு.

“அப்படியானால் எல்லாவற்றையும் இங்கேயே செய்வோம்” என்கிறார் தம்பி. செய்யலாம். ஆனால் போபாலை மறக்கலாமா? அங்கே ‘செவின்’ என்ற பூச்சிமருந்து செய்தார்கள். அதற்கு வேண்டிய மீதைல் ஐசோசயனேட் முதலில் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1980 முதல் இங்கேயே தயாரித்தார்கள். 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு அது கசிந்தது. தூங்கப் போன ஆயிரக்கணக்கான பேர் எழுந்திருக்கவே இல்லை. ஆலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாதுகாப்பில்லாத சுயசார்பு சுடுகாட்டுக்கு வழி என்கிறேன். (கைதட்டல்)

சரி, வழிதான் என்ன? இந்தோனேசியாவைப் பாருங்கள். அரசே மானியம் கொடுத்து மருந்தை அள்ளி வழங்கியது. அடிக்க அடிக்கப் புகையான் பூச்சி பெருகியது! ஏன்? மருந்து முதலில் கொன்றது புகையானைத் தின்னும் சிலந்தியை. புகையானின் முட்டையோ இலையுறைக்குள்ளே பத்திரமாக இருந்தது. போலீஸ்காரரைக் கட்டிப்போட்டுவிட்டுத் திருடனைத் தேடினால் கிடைப்பானா?

1986இல் அந்த அரசு 57 மருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று தடுத்தது. 1989க்குள் மானியத்தையும் நிறுத்தியது. அதோடு விடவில்லை. விவசாயிக்கு வயலிலேயே பாடம் நடத்தியது. எது நல்ல பூச்சி, எது கெட்ட பூச்சி, எத்தனை இருந்தால் மருந்து, எத்தனை இருந்தால் பொறுமை! மருந்துச் செலவு குறைந்தது. நெல் விளைச்சல் சரியவில்லை.

உடனே எதிரணி அம்மா கேட்பார்கள்: “இலங்கையில் என்ன ஆச்சு?” நியாயமான கேள்வி. 2021இல் அங்கே ரசாயன உரம், பூச்சிமருந்து இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தினார்கள். நெல் விளைச்சல் விழுந்தது. அதே வருஷம் நவம்பரில் தடையை விலக்கினார்கள். ஐயா, ஊன்றுகோலைப் பிடுங்குவது வேறு. நடக்கக் கற்றுக்கொடுப்பது வேறு. இலங்கையில் பிடுங்கினார்கள். இந்தோனேசியாவில் கற்றுக்கொடுத்தார்கள்.

நம்மிடமும் கருவிகள் இருக்கின்றன. கரும்பில் துளைப்பானின் முட்டையை அழிக்க டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணி அட்டை கட்டுகிறோம். விளக்குப்பொறி இருக்கிறது, இனக்கவர்ச்சிப் பொறி இருக்கிறது, வேப்பங்கொட்டைக் கரைசல் இருக்கிறது. இத்தனையும் போதாதபோதுதான் பாட்டிலைத் திறக்க வேண்டும். மருந்துக்கடைக்குப் போகுமுன் வரப்பில் இறங்கிப் பூச்சியை எண்ணிப் பாருங்கள் என்கிறோம். பத்து முறை அடிப்பவர் ஐந்து முறை அடித்தால், கப்பல் வர வேண்டியதும் பாதிதானே! கடனும் குறையும், மருந்து அடிக்கிறவர் நெஞ்சுக்குள் போகும் விஷமும் குறையும். ஆலை கட்ட ஆண்டுகள் ஆகும். எண்ணிப் பார்க்க ஒரு காலைப்பொழுது போதும்.

ஆகவே நடுவர் அவர்களே, குறைய வேண்டியது தேவையே என்று தீர்ப்பளிக்கக் கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)