குண்டர் சட்டம்: ஐந்து நாள் கணக்கை மறவாதீர்!

 

செங்கல்பட்டிலும் மாமல்லபுரக் கடலோரத்திலும் நம் பெண்கள் அச்சமின்றி நடமாட வேண்டும். பெண்களுக்கெதிரான குற்றங்களுக்குத் தமிழக அரசு 2025-இல் தண்டனையைக் கூட்டியதை வரவேற்கிறோம். குற்றத்தை நிரூபித்துத் தண்டிப்பது நீதி. ஆனால் 1982-ஆம் ஆண்டின் குண்டர் சட்டமோ, விசாரணையின்றியே ஓராண்டு வரை சிறையில் அடைக்கிறது. பகைவனுக்கும் நீதி வழங்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது; யார் மீது பாய்ந்தாலும் இச்சட்டம் திருத்தப்பட வேண்டும்!

அதுவரை? உங்கள் தெருப் பிள்ளை பிடிபட்டால் வதந்தி பரப்பாதீர், ஜமாஅத்தைக் கூட்டுங்கள். ஐந்து நாட்களுக்குள் காரணங்களை எழுத்தில் தந்தாக வேண்டும். உடனே அரசுக்கு முறையீடு அனுப்புங்கள். மூன்று வாரத்துக்குள் விவகாரம் அறிவுரைக் கழகத்தின் முன் வைக்கப்பட வேண்டும். முறையீட்டைக் காரணமின்றித் தாமதித்தால் உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுங்கள். கூச்சலைவிடத் தேதி போட்ட காகிதமே பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவரும்.