குளத்தங்கரை வீடு வேண்டும்!

(பட்டிமன்றத் தலைப்பு: நீர்நிலையை ஒட்டி வீடு வாங்குவது சுகமா? சங்கடமா? – ‘சுகமே’ என்ற அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! பேசி முடித்த நிம்மதியிலே தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! குடிங்க, குடிங்க. அந்தத் தண்ணியும் ஏதோ ஒரு நீர்நிலையிலிருந்து வந்ததுதான். (சிரிப்பு) பெரியோர்களே, தாய்மார்களே, வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, குழம்பு அடிப்பிடிக்கிறதுகூடத் தெரியாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற சகோதரிகளே! 

எனக்கு முன்னால் பேசிய பேராசிரியை அம்மா, சென்னையிலே நீச்சல்குளத்தை ஒட்டின அடுக்குமாடி வீடு வாங்கிவிட்டுப் பட்ட பாட்டைச் சொன்னாங்க. விளம்பரத்திலே குளம் நீலமா இருந்துச்சாம். குடிபோன மறுமாசம் பச்சையாயிடுச்சாம். ஞாயிற்றுக்கிழமை ஆனா ஊர்ப்பட்ட பிள்ளைகள் கூச்சல், ஜன்னலைத் திறந்தா குளோரின் வாடை, மாசம் பிறந்தா பராமரிப்புக் கட்டணம். கோடையிலே குடிக்க லாரித் தண்ணி, ஆனா குளத்துக்கு மட்டும் காவல்காரர். கேட்கவே பாவமாத்தான் இருந்தது. அம்மா, நீங்க சொன்னதிலே ஒரு எழுத்தைக்கூட நான் மறுக்கலை. ஆனா நீங்க வாங்கினது குளத்தங்கரை வீடு இல்லை. ஒரு பெரிய தொட்டிக்குப் பக்கத்து வீடு! (கைதட்டல்)

50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம் – ஒலிம்பிக் போட்டிக்கான நீச்சல்குளம் அது. 2 மீட்டர் ஆழம்னு வச்சாலே 25 லட்சம் லிட்டர் தண்ணி பிடிக்கும். அதிலே ஒரு சொட்டு பூமிக்குள்ளே போகக்கூடாது. போச்சுன்னா குளம் ஓட்டைன்னு கொத்தனாரைக் கூப்பிடணும். எங்க ஊர்க் குளம் நேர் எதிர். தண்ணி கீழே இறங்கணும்னுதான் அதை வெட்டினாங்க. குளம் நிறைஞ்சா நாலு தெரு தள்ளி இருக்கிற கிணற்றிலேயும் தண்ணி ஏறும். குளத்துக்கு யாரும் பராமரிப்புக் கட்டணம் கொடுத்ததில்லை. குளம்தான் நமக்குக் கொடுத்துக்கிட்டிருந்தது.

நான் திருவாரூர்க்காரன். எங்க ஊரைப் பற்றி ஒரு கணக்குச் சொல்லுவாங்க: கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி. தஞ்சாவூர்ச் சீமையிலே ஒரு வேலின்னா கிட்டத்தட்ட ஆறரை ஏக்கருக்கு மேலே. ஐந்து வேலிக்கு 33 ஏக்கர். சாமிக்கு எவ்வளவு இடமோ அதே அளவு இடம் தண்ணிக்கும்! தியாகராசர் கோயிலுக்கு மேற்கே கமலாலயம். நம்ம அம்மா வீட்டு ஒலிம்பிக் குளத்தை அதிலே வரிசையா அடுக்கினா நூறுக்கு மேலே அடுக்கலாம். நடுவிலே ஒரு தீவு, தீவிலே ஒரு கோயில். தெப்பத் திருவிழா ராத்திரியிலே தெப்பத்து மேலேயே கச்சேரி நடக்கும். கரையிலே வீடு இருக்கிறவன் வாசல் திண்ணையிலே காலை நீட்டிக்கிட்டுக் கேட்பான். சென்னையிலே சபாவுக்குச் சீட்டு வாங்கி, ஆட்டோ பிடிச்சு, முன்னால் உட்கார்ந்தவர் தலை மறைக்குதுன்னு சண்டை போடுறோமே! (சிரிப்பு)

கலைஞர் கருணாநிதி அவர்கள் சிறுவனா இருந்தப்போ எங்க ஊர் உயர்நிலைப் பள்ளியிலே சேரப் போனார். இடம் இல்லைன்னுட்டாங்க. "சேர்த்துக்கொள்ளாவிட்டால் கமலாலயத்திலே விழுந்துவிடுவேன்" என்றார். தலைமையாசிரியர் பதறிப்போய்ச் சேர்த்துக்கொண்டார். இதை அவரே எழுதியிருக்கிறார். அதே கமலாலயத்திலே கரையிலிருந்து நடுத் தீவு நோக்கி நண்பரோடு நீந்தினதையும் அவரே சொல்லியிருக்கிறார். அப்போ பாருங்க, அந்த மிரட்டலை நம்பிச் சீட்டுக் கொடுத்த தலைமையாசிரியருக்கு, பையனுக்கு நீச்சல் தெரியுமான்னு கேட்கத் தோணலை! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

கொசு வருமேன்னு ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. ஆனா டெங்குக் கொசு மீன் இருக்கிற குளத்தைத் தேடிப் போறதில்லை, தம்பி. மீன் அதன் குஞ்சுகளைத் தின்னுடும். அது தேடுறது உங்க மொட்டை மாடியிலே கிடக்கிற பழைய டயரை, தேங்காய்ச் சிரட்டையை, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னாலே நீங்க ஒரு நாளும் எட்டிப் பார்க்காத அந்தத் தட்டை. சாக்கடை கலந்து மீன் செத்துப்போன குளம்னா வேற வகைக் கொசு வரும். அதை வரவழைச்சது குளமா, நாமளா?

இந்தக் கேள்விக்கு எங்க ஊரிலே ஒரு பழைய சாட்சி இருக்கிறார். தண்டியடிகள். சேக்கிழார் பெரியபுராணத்திலே இவர் வரலாற்றைப் பாடியிருக்கிறார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கமலாலயத்தின் கரையிலே கட்டடங்கள் பெருகிப் பெருகிக் குளம் சுருங்கிக்கிட்டே வருது. கண் உள்ள ஊர்க்காரன் எவனுக்கும் அது தெரியலை. இவருக்குத் தெரிஞ்சது! குளத்துக்குள்ளே ஒரு கழி, கரையிலே ஒரு கழி நட்டு, நடுவிலே கயிற்றைக் கட்டி, அந்தக் கயிற்றைத் தடவித் தடவிப் போய் மண்ணை வெட்டிக் கூடையிலே சுமந்து கொட்டினார். அங்கே வந்த சமயச் சண்டைக்குள்ளே நான் போகலை, அது அந்தக் காலத்துச் செய்தி. கடைசியிலே அவருக்குப் பார்வை கிடைச்சது, அரசன் கட்டடங்களை எடுத்துக் கரையை விரிவாக்கினான் என்பது கதை. ஆக, ஆக்கிரமிப்பு நேற்று வந்த வியாதி இல்லை. 2001-லே உச்ச நீதிமன்றம் குளம் குட்டைகளை வீட்டுமனையாக்கக் கூடாதுன்னு தீர்ப்புச் சொன்னது. 2007-லே தமிழ்நாட்டிலே ஏரிகளைக் காப்பாற்றவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தனிச் சட்டமே வந்தது. தண்டியடிகள் இத்தனை நூற்றாண்டுக்கு முன்னாலேயே கூடையைத் தூக்கிட்டார்.

அதனாலே குளக்கரையிலே வீடு வாங்கப் போறவங்க, வில்லங்கச் சான்று மட்டும் பார்த்துவிட்டு வந்துடாதீங்க. புலப்படம் வாங்குங்க, அ-பதிவேட்டைப் பாருங்க, நில அளவரைக் கூட்டிக்கிட்டுப் போய்ச் சங்கிலி போட்டு அளந்து பாருங்க. கோயில் ஊர்னா அடிமனை யாருடையதுன்னு கேளுங்க. சுவரும் ஓடும் விற்கிறவருடையதா இருக்கும், மண் சாமியுடையதா இருக்கும். பதிவுச் சட்டத்திலே 22-ஏ பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. உரிய அனுமதி இல்லாமல் கோயில் மண்ணைப் பதிய மாட்டாங்க. சுந்தரர் மணிமுத்தாற்றிலே பொன்னைப் போட்டுவிட்டுக் கமலாலயத்திலே எடுத்தார். நம்ம ஆளு முன்பணத்தை ஆற்றிலே போட்டுவிட்டுப் பத்திரத்தைக் குளத்திலே தேடுறான். சுந்தரருக்குக் கிடைச்சது, இவனுக்கு எங்கே கிடைக்கும்? (சிரிப்பு)

எங்க அப்பா நெல் மண்டியிலே கணக்குப்பிள்ளை. 1978-லே ஒரு சின்னக் குளத்தின் கரையிலே ஓட்டு வீடு விலைக்கு வந்தது. எந்தக் குளம்னு சொல்லமாட்டேன், சொன்னா நாளைக்கே அங்கே மனை விலை ஏறிடும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், நீளமான கொல்லை. கொல்லை முடியுற இடத்திலே படித்துறை. அப்பா சங்கிலி போட்டு அளந்தார். கொல்லையின் கடைசிப் பன்னிரண்டு அடி குளத்துப் புறம்போக்கு! விற்றவர் வேலியைத் தள்ளிப் போட்டிருக்கார். அப்பா என்ன செய்தார் தெரியுமா? கிரயம் ஆன அன்னிக்கே வேலியைப் பிடுங்கிப் பன்னிரண்டு அடி உள்ளே நட்டார். தெருவே சிரிச்சது. கணக்குப்பிள்ளை பாருங்க, தப்பா ஒரு வரி இருந்தா அவருக்குத் தூக்கம் வராது.

அம்மாவுக்கு அந்த வீடு பிடிக்கவே இல்லை. கரிசல் சீமையிலே, கோவில்பட்டிப் பக்கம் பிறந்தவங்க. ஒரு குடம் தண்ணிக்கு ஒரு மைல் நடந்தவங்களுக்குத் தண்ணியைக் கண்டா ஆசை இருக்கணுமே? இல்லை, பயம்தான். "ஏங்க, மூணு புள்ளைகளை வச்சிக்கிட்டு இந்தக் கிணறு மாதிரி இருக்கிற இடத்துக்கா போகணும்?" என்று கேட்டாங்க. அப்பாவுக்குப் பதில் இல்லை. அவருக்கும் நீச்சல் தெரியாது! கடைசியிலே அம்மா ரெண்டு நிபந்தனை போட்டாங்க. கொல்லையிலே மூங்கில் படல் வைத்துத் தாழ்ப்பாள் போடணும். வீட்டிலே எல்லாரும் நீச்சல் கத்துக்கணும்.

பக்கத்து வீட்டிலே அறுபது வயசுப் பாட்டி. பித்தளைக் குடத்தைக் கவிழ்த்துப் பிடிச்சுக்கிட்டா ஆள் மிதக்கும். அதைப் பிடிச்சுக்கிட்டே காலை அடிக்கணும். அதுதான் பாட்டியின் பள்ளிக்கூடம். விடியறதுக்கு முன்னாலே, ஆண்கள் வர்றதுக்கு முன்னாலே, முப்பத்திமூணு வயசிலே எங்க அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கிட்டு அந்தக் குடத்தைப் பிடிச்சாங்க. ஆறு மாசம் ஆச்சு குடத்தை விட. நான் பத்தே நாளிலே கத்துக்கிட்டேன். அதிலே எனக்குக் கொஞ்சம் திமிர்.

1980, ஆடி மாசம். குளத்துக்குப் புதுத் தண்ணி வந்திருந்தது. மேட்டூரிலிருந்து எத்தனையோ ஆறும் வாய்க்காலும் கடந்து வருமே, செம்மண் நிறத்திலே, அந்தத் தண்ணி. அதைப் பார்க்கிற அவசரத்திலே படலைத் திறந்து ஓடினேன். மூடலை. தாழ்ப்பாளைப் போடலை. பன்னிரண்டு வயசு எனக்கு. மேல்கரைப் பக்கம் பசங்களோடு மீன் பிடிச்சுக்கிட்டிருந்தேன். எங்க பாப்பா, நாலு வயசு, என் பின்னாலேயே வந்திருக்கா. எனக்குத் தெரியாது. மூணாம் படியிலே பாசி.

சத்தமே இல்லைங்க. சினிமாவிலேதான் முழுகுறவங்க கையை ஆட்டிக் கூப்பிடுவாங்க. குழந்தை சத்தம் போடாது. கொல்லையிலே துணி உலர்த்திக்கிட்டிருந்த அம்மா, படல் திறந்திருக்கிறதைத்தான் முதலிலே பார்த்தாங்க. பாப்பாவைப் பார்க்கலை. திறந்த படலைப் பார்த்தாங்க. ஓடி வந்து படித்துறையிலே நின்னா, சிவப்புத் தண்ணியிலே ஒரு ரிப்பன் மட்டும் தெரியுது. கட்டின புடவையோடு குதிச்சாங்க. நான் திரும்பிப் பார்க்கும்போது அம்மா ஒரு கையிலே பாப்பாவைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையாலே நீந்திப் படிக்கு வர்றாங்க.

பாப்பா இருமினா, வாந்தி எடுத்தா, அப்புறம் அழுதா. அந்த அழுகையைப் போல ஒரு சங்கீதத்தை நான் எந்தத் தெப்பத்திலேயும் கேட்டதில்லை. (கைதட்டல்)

அம்மா என்னை அடிக்கலை. யார் திறந்ததுன்னு கேட்கவும் இல்லை. மறுநாள் விடியக்காலை பாப்பாவை இடுப்பிலே தூக்கிக்கிட்டு, பித்தளைக் குடத்தை என் கையிலே கொடுத்து, "வா, கத்துக்கொடு" என்றாங்க. அவ்வளவுதான். அந்தப் பாப்பாவுக்கு இன்னிக்கு நாற்பத்தொன்பது வயசு. மூணாவது வரிசையிலே உட்கார்ந்திருக்கா. அன்னிக்குப் படலைத் திறந்து போட்டது நான்தான்னு இந்த நிமிஷம் வரைக்கும் அவளுக்குத் தெரியாது. (நீண்ட கைதட்டல்)

இதைச் சொன்னவுடனே எதிரணி சிரிக்குது. "பார்த்தீங்களா, நீங்களே ஒத்துக்கிட்டீங்க, குளம் ஆபத்து!" ஆமாங்க, ஆபத்துதான். உலகச் சுகாதார நிறுவனம் 2024-லே ஓர் அறிக்கை வெளியிட்டது. 2021-லே மட்டும் உலகத்திலே சுமார் மூணு லட்சம் பேர் நீரிலே மூழ்கிச் செத்திருக்காங்க. அதிலே ஏறத்தாழ நாலிலே ஒருத்தர் ஐந்து வயசுக்குள்ளே இருக்கிற குழந்தை. அதுக்கு அவங்க சொல்ற மருந்து என்ன? குளத்தைத் தூர்த்துடுங்கன்னா சொன்னாங்க? சின்னக் குழந்தைக்கும் தண்ணிக்கும் நடுவிலே ஒரு தடுப்பு வை, பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடு என்கிறாங்க. எங்க அம்மா 1978-லே போட்ட ரெண்டு நிபந்தனை! ஜெனீவாவிலேருந்து இந்த அறிக்கை வர்றதுக்கு நாற்பத்தாறு வருஷம் ஆகியிருக்கு. (கைதட்டல்)

ஒரு குறையையும் சொல்லிடுறேன். தொண்ணூறுகளிலே வீட்டுக்குள்ளே குளியலறை கட்டினோம். குழாயைக் கொல்லை வழியாக் குளத்துக்கே விட்டோம். எல்லா வீட்டிலேயும் அப்படித்தான் விட்டாங்க. பன்னிரண்டு அடியைத் திருப்பிக் கொடுத்த அப்பாவுக்கு இது தப்புன்னு தோணலை, தமிழ் படிச்சு முனைவர் பட்டம் வாங்கின எனக்கும் தோணலை. ஒரு நாள் படித்துறையிலே சோப்பு நுரை மிதக்கிறதைப் பார்த்துவிட்டு அம்மா குளிக்காமல் திரும்பி வந்தாங்க. அன்னிக்கு மத்தியானமே ஆள் வைத்துக் கொல்லையிலே உறிஞ்சுகுழி வெட்டினாங்க. மற்ற வீட்டுக் குழாய்களை அடைக்க அம்மாவாலே முடியலை. குளத்திலே இப்போ யாரும் குளிக்கிறதில்லை. எதிரணி கேட்க நினைச்சுக் கேட்காமல் விட்டது இதுதான், நானே சொல்லிட்டேன்.

அப்பா இப்போ இல்லை. அம்மாவுக்கு எண்பது. பிள்ளைகள் மூணு பேரும் மூணு ஊர். வீட்டை விற்றுவிடலாம்னு பேச்சு வந்தது. சென்னையிலிருந்து ஒருத்தர் பார்க்க வந்தார், நல்ல மனுஷன்தான். கொல்லை வரைக்கும் நடந்து பார்த்தார். "அம்மா, இந்த வேலியைப் பன்னிரண்டு அடி தள்ளி மதில் எடுத்தா ஒரு கார் நிறுத்தலாமே" என்றார். அம்மா அதுக்குப் பதிலே சொல்லலை. "தம்பி, உங்களுக்கு எத்தனை புள்ளைங்க?" என்றாங்க. "ரெண்டும்மா. ஆறு வயசு, மூணு வயசு." "நீச்சல் தெரியுமா?" அவர் சிரிச்சுக்கிட்டே, "இன்னும் இல்லம்மா, எங்க அடுக்குமாடியிலே குளம் இருக்கு, மெதுவாச் சேர்க்கணும்" என்றார்.

அம்மா படலைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாங்க. "கத்துக்கிட்டுக் கூட்டிட்டு வாங்க தம்பி. பத்திரத்தை அப்புறம் பேசிக்கலாம்."