கெட்ஸ் வாசிக்காத மெட்டு



சாக்சபோன் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருகிறவர் கத்ரி கோபால்நாத். அவர் வாசித்தது வளைந்த ஆல்டோ வகை. இன்று நான் பேசப்போகிறவர் கையில் இருப்பது நேராக நீண்ட சொப்ரானோ வகை. அமெரிக்கரான கென்னி ஜி. பெயர் தெரியாவிட்டாலும் அவருடைய வாசிப்பு எங்கேயாவது உங்கள் காதில் விழுந்திருக்கும்: ஓட்டல் லிஃப்டில், விமானம் கிளம்புவதற்கு முன், பல் டாக்டரிடம் காத்திருக்கும்போது. சீனாவில் அவருடைய ‘கோயிங் ஹோம்’ ஒலித்தால் கடை மூடப்போகிறார்கள், கிளம்புங்கள் என்று அர்த்தம். யாரும் உத்தரவு போடவில்லை, பழகிவிட்டது, அவ்வளவுதான்.

கல்லூரியில் அவர் படித்தது கணக்கியல். பேர் வாங்கியது இசையில். 1992-இல் வெளியான ‘பிரெத்லெஸ்’ ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளைத் தாண்டியது. 1997-இல் நியூயார்க் கடை ஒன்றில் ஒரே ஸ்வரத்தை 45 நிமிடம் 47 விநாடி விடாமல் ஊதினார். அதற்கு வழி, கன்னத்தில் காற்றைச் சேர்த்து வைத்து வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சை இழுப்பது. நம்மூர் மகுடிக்காரர் தெருவில் நின்று செய்கிற அதே வித்தைதான். ஆனால் அவருக்கு யாரும் ஸ்டாப் வாட்ச் பிடிக்கவில்லை.

கேட்பவர்கள் கொண்டாடிய அளவுக்கு ஜாஸ் விமர்சகர்கள் அவரை வைதார்கள். ஜாஸ் என்பது அந்த நொடியில் பிறக்கும் கற்பனை. அடுத்து என்ன வரும் என்று வாசிப்பவருக்கே தெரியாது. கென்னி ஜியிடம் அடுத்து என்ன வரும் என்று கேட்பவருக்குக்கூடத் தெரியும் என்பது அவர்கள் கட்சி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1999-இல் அந்தக் கோபம் கொதித்தது. ஜாஸ் முன்னோடி லூயி ஆம்ஸ்ட்ராங் பாடிய ‘வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்’ பதிவின் மேல் கென்னி ஜி தன் சாக்சபோனைச் சேர்த்து வெளியிட்டார். ஆம்ஸ்ட்ராங் 1971-இலேயே காலமாகிவிட்டவர். கிட்டார் கலைஞர் பேட் மெத்தினி இதற்காக இவரைக் கிழிகிழி என்று கிழித்து எழுதினார்.

வேறொருவராக இருந்தால் அதோடு அடங்கியிருப்பார். இவர் அடங்கவில்லை. 2021 டிசம்பரில், ஆறு வருட இடைவெளிக்குப் பிறகு, ‘நியூ ஸ்டாண்டர்ட்ஸ்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார். ஐம்பது, அறுபதுகளின் மெதுவான ஜாஸ் பாடல்களின் சாயலில் புதிய மெட்டுகள். பின்னால் வயலின்கள் விரிந்து வருகின்றன. அதில் ‘லெகசி’ என்று ஓர் உருப்படி. கென்னி ஜியோடு டெனர் சாக்சபோனில் சேர்ந்து வாசிப்பது, 1991-இல் இறந்துபோன ஜாஸ் மேதை ஸ்டான் கெட்ஸ்!

பழைய ஒலிநாடா ஏதோ கிடைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். கெட்ஸின் பதிவுகளிலிருந்து ஸ்வரங்களைத் தனித்தனியாகப் பிரித்தெடுத்து, கணினியில் ஏற்றி, கென்னி ஜி எழுதிய புது மெட்டின் வரிசையில் ஒட்டியிருக்கிறார்கள். ஆம்ஸ்ட்ராங்காவது தான் பாடியதைத்தான் பாடினார். கெட்ஸ் இந்த மெட்டை வாழ்நாளில் கேட்டதுகூட இல்லை.

நமக்கும் இது அந்நிய விவகாரம் அல்ல. ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிரி எழுடா’ பாட்டில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஏ. ஆர். ரகுமான் ஒலிக்க வைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உரிய தொகையும் கொடுத்ததாகச் சொன்னார். அது முறை. ஆனால் அனுமதி கிடைத்ததால் மட்டும் இசை நன்றாக அமைந்துவிடாது. ‘லெகசி’யை நான் அந்தக் காதோடுதான் கேட்டேன்.

ஒலி கெட்ஸுடையதுதான், சந்தேகமில்லை. ஸ்வரம் பிறக்கும் முன்னால் ஒரு நூல் காற்று கசியுமே, அதுகூட இருக்கிறது. இல்லாதது கமகம் என்று நாம் சொல்கிற சமாசாரம். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில் கெட்ஸ் எங்கே தயங்குவார், எங்கே சறுக்கிக்கொண்டு இறங்குவார் என்பதை அந்தக் கணத்தில் அவருடைய மூச்சுதான் முடிவு செய்யும். தனித்தனியாக வெட்டி எடுத்த ஸ்வரங்களில் அந்த முடிவு எப்படி இருக்கும்? கென்னி ஜி இதைக் கெட்ஸுக்குச் செய்த மரியாதையாகத்தான் நினைக்கிறார். அந்த பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. ஆனாலும் அதே ஆல்பத்தில் அவர் யார் துணையும் இல்லாமல், பழக்கமான தன் சொப்ரானோவில் நிதானமாக வாசிக்கும் இடங்கள் எனக்கு மேலாகத் தோன்றின. வைதவர்கள் ஒப்புக்கொள்ளாத ஒன்று உண்டு. சுருதி சுத்தமும் தொனியின் வழவழப்பும் தினமும் மணிக்கணக்கில் சாதகம் செய்யாமல் யாருக்கும் வந்துவிடாது.

‘லெகசி’யைக் கேட்கிறவர்கள் அதற்குப் பின் ‘ஃபோகஸ்’ என்ற ஆல்பத்தையும் தேடிக் கேளுங்கள். கெட்ஸ் 1961-இல் வாசித்தது. எடி சாட்டர் என்பவர் வயலின் முதலிய தந்திக் கருவிகளுக்கு முழு இசையும் எழுதினார், சாக்சபோனுக்கு மட்டும் மெட்டு எழுதித் தரவில்லை. கெட்ஸ் உள்ளே நுழைந்து, தன் பங்கை அங்கேயே கற்பனை செய்து வாசித்தார்.